அனிமே ஆக்‌ஷன் ஃபிகர்: மூட்டும் தரமும் பார்த்து வாங்க, நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையிலும் டவுனிலும் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்க்கிற பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். கூடவே அந்தக் கதாபாத்திரங்களின் ஃபிகர், அதாவது பொம்மை, வாங்குகிறவர்களும். வாங்குமுன் ஒரு போன், பெட்டி வந்தபின் ஒரு போன் என்று என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்வியைப் போட்டு, பதிலை எழுதி வைத்துவிட்டேன். வரிசையாக வாசித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திருப்பிச் சொல்லவில்லை, கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. அண்ணாச்சி, அலமாரில சிலை கணக்கா நிக்குதுல்லா, அதுக்கும் ஆக்‌ஷன் ஃபிகருக்கும் என்ன வித்தியாசம்?

சிலையாக நிற்பதற்கு மூட்டு கிடையாது. ஒரே போஸில் வார்த்து, ஒரு கோணத்தில் பார்க்க ஜோராக இருக்கும்படி செய்திருப்பார்கள். ஜப்பானில் பொம்மை பிடிக்கும் கிரேன் மெஷின்களில் பரிசாக வைக்கிற பான்பிரெஸ்டோ ஃபிகர்கள் இந்த வகை. அதில் மூட்டு இல்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

ஆக்‌ஷன் ஃபிகரில் கழுத்து முதல் கணுக்கால் வரை அசையும். ஜப்பானின் கையோடோ நிறுவனத்தின் ரிவால்டெக் என்ற ஃபிகர் வரிசை 2006-இல் வந்தது. பண்டாயின் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸும் மேக்ஸ் ஃபேக்டரியின் ஃபிக்மாவும் 2008-இல் தொடங்கின. பெரும்பாலும் 1/12 அளவை ஒட்டி இருக்கும். 170 செ.மீ. உயரமுள்ள ஆளை 12-ஆல் வகுத்தால் 14 செ.மீ. சொச்சம். படத்தில் பார்த்துப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு, பெட்டியைத் திறந்ததும் முகம் வாடுகிறவர்கள் உண்டு. ஆர்டர் போடுமுன் ஸ்கேலை எடுத்து 14 செ.மீ. அளந்து பாருங்கள்.

2. பெட்டில இத்தனை பாயிண்ட் அசையும்னு போட்டுருக்காவ. கூட இருந்தா நல்லதுதானே?

அந்த எண்ணிக்கையை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. எண்ணுவதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி கிடையாது. மணிக்கட்டு சுழல்வதை ஒன்று, மடங்குவதை இன்னொன்று என்று ஒருவர் எண்ணுவார். இன்னொருவர் இரண்டையும் சேர்த்து ஒன்று என்பார். தலைமுடிக் கொத்து ஆடுவதைக்கூடக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் பார்ப்பது மூன்று. மூட்டு எவ்வளவு தூரம் போகிறது? போன இடத்தில் நிற்கிறதா? நின்றபின் நமக்குத் தெரிந்த அந்த ஆளாகவே இருக்கிறதா? மூன்றாவதுதான் பலரும் கேட்க மறக்கிற கேள்வி. கீழே உள்ள பதில்களெல்லாம் இந்த மூன்றைச் சுற்றியே வரும்.

3. அப்போ எந்தெந்த மூட்டைப் பாக்கணும்? வரிசையா சொல்லுங்கண்ணே.

வரிசையைவிட, அந்தக் கதாபாத்திரம் எந்த நிலையில் நின்றால் பெயர் சொல்லும் என்பதிலிருந்து தொடங்குங்கள். டிராகன் பால் தொடரின் கோக்குவுக்கு இரண்டு உள்ளங்கையும் இடுப்போரம் சேர வேண்டும், காமேஹாமேஹா என்ற ஒளிவீச்சை விடுவதற்கு முன் நிற்கும் நிலை. வாள் பிடிக்கிற ஆளுக்கு இரண்டு கையும் ஒரே பிடியில் சேர வேண்டும். ஒன் பீஸ் தொடரின் லூஃபி குந்தி ஒரு முஷ்டியைத் தரையில் ஊன்றுவான். வாங்கப்போகும் ஃபிகர் தன்னுடைய நிலையைச் செய்யவில்லை என்றால் மற்ற இருபது போஸ் செய்து என்ன பயன்?

இரண்டு கை மார்புக்கு முன்னால் சேர்வதை முடிவு செய்வது தோள்தான். தோள்பட்டையில் சாதாரண உருண்டை மூட்டு மட்டும் இருந்தால் கை மேலும் கீழும் போகும், உள்ளே வராது. பட்டையே முன்னால் மடங்கும்படி நெஞ்சுக்குள் இன்னொரு கீல் வைத்திருப்பார்கள். பட்டாம்பூச்சி மூட்டு என்பார்கள். அது இருக்கிறதா, எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். வலது கை இடது தோளைத் தொட்டால் நல்ல தோள்.

முழங்கையும் முழங்காலும் இரட்டை மூட்டாக இருந்தால்தான் முழுதாக மடங்கும். குதிகால் பின்தொடையை ஒட்ட வேண்டும். ஒற்றைக் கீல் என்றால் 90 டிகிரியில் நின்றுவிடும், குந்த வைக்க முடியாது. இடுப்பில் காலை உயர்த்தும்போது தொடை முட்டினால், மூட்டைச் சற்றுக் கீழே இழுத்து இடம் பண்ணுகிற அமைப்பு சிலவற்றில் உண்டு. தொடையின் மேற்பகுதி தனியாகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பாதம் எப்போதும் நேராகவே பார்க்கும்.

கணுக்காலை யாருமே பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். காலை அகட்டி வைத்தால் பாதம் பக்கவாட்டில் சாய்ந்து, உள்ளங்கால் முழுவதும் தரையில் படிய வேண்டும். விளிம்பில் மட்டும் நின்றால் மின்விசிறிக் காற்றுக்கே விழும். கழுத்தில் ஒரே ஒரு சோதனை: தலை மேலே நிமிர்கிறதா? நீள முடி உள்ள பாத்திரங்களில் முடி முதுகில் முட்டி, தலை குனிந்தேதான் இருக்கும். பறக்கும் போஸில் அது தரையைப் பார்த்துக்கொண்டு பறக்கும்.

4. நல்லா மடங்குது, ஆனா மடக்கினா பாக்க சகிக்கலையே?

மூட்டுக்கும் வடிவத்துக்கும் எப்போதும் இழுபறிதான். முழங்கை அதிகம் மடங்க வேண்டுமென்றால் சதையை வெட்டி இடம் விட வேண்டும், அந்த இடம் மடக்கும்போது பள்ளமாகத் தெரியும். சட்டையில்லாத பாத்திரங்களில் வயிற்றுக்குக் குறுக்கே ஓடும் வெட்டு இன்னும் உறுத்தும். உடை உள்ளவற்றில் மடிப்பு, பெல்ட், பாவாடை விளிம்பு ஆகியவற்றுக்குள் மூட்டை ஒளித்துவிடலாம். கெட்டிக்காரச் சிற்பி அதைத்தான் செய்வார்.

பாவாடையும் நீளக் கோட்டும் வேறு தொல்லை. கெட்டியாக வார்த்தால் கால் அசையாது. மெல்லிய ரப்பர் போன்ற பிவிசியில் செய்தால் கால் அசையும், ஆனால் அழுத்திக்கொண்டே இருக்கும் பாவாடை காலைப் பழைய இடத்துக்குத் தள்ளும். பல துண்டுகளாகப் பிரித்துத் தனித்தனி மூட்டில் மாட்டியதுதான் நான் பார்த்தவற்றில் சிறந்த வழி.

அனிமே முகத்துக்கென்று ஒரு சிக்கலும் இருக்கிறது. தாளில் வரைந்தபோது மூக்கும் வாயும் பக்கவாட்டில் ஒன்று, நேரில் ஒன்று. வரைகிறவர் கோணத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வார். பிளாஸ்டிக்கால் அது முடியாது. அதனால் நேர் முகம், முக்கால் முகம், பக்க முகம் மூன்றிலும் எடுத்த படங்களைப் பார்த்த பிறகே வாங்குங்கள். கடைக்காரர் போடுவது எப்போதும் முக்கால் முகம்தான்.

5. மூட்டு எவ்வளவு டைட்டா இருக்கணும்?

கையை நேராக நீட்டி, கையில் அதன் கனமான ஆயுதத்தைக் கொடுத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் அதே உயரத்தில் இருந்தால் போதும். ஒரு காலில் நிற்க வைப்பதையும் இப்படியே பார்க்கலாம். இடுப்பும் கணுக்காலும் தளர்ந்தால் மற்றவை எவ்வளவு இறுக்கமாக இருந்தும் புண்ணியமில்லை, எடை முழுவதும் அங்கேதான் இறங்குகிறது.

ரிவால்டெக்கின் மூட்டு, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல ‘கடக் கடக்’கென்று படிப்படியாகத் திரும்பும். எளிதில் தளராது, ஆனால் இரண்டு படிக்கு நடுவே நிறுத்த முடியாது. ஃபிகுவார்ட்ஸும் ஃபிக்மாவும் உராய்வை நம்பியவை, விரும்பிய இடத்தில் நிறுத்தலாம், நாளாக ஆகத் தளரும். பறக்கும் போஸுக்கு எப்படியும் ஸ்டாண்ட் தேவை. ஃபிக்மா பெட்டிக்குள்ளேயே வளையும் தண்டுள்ள ஸ்டாண்ட் வரும். ஃபிகுவார்ட்ஸுக்குப் பெரும்பாலும் தனியாக வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

6. பிவிசி, ஏபிஎஸ்னு பெட்டில எழுதிருக்கு. எது ஒசத்தி?

ஒசத்தி, மட்டம் என்று இல்லை. ஏபிஎஸ் கெட்டியானது, கூர்மையான விளிம்பும் உடலின் உட்பகுதியும் அதில் நன்றாக வரும். பிவிசி கொஞ்சம் வளையும். முடி நுனி, கை விரல், உடை எல்லாம் அதில். மூட்டின் அச்சுக்கு பிஓஎம் என்ற வழுவழுப்பான பிளாஸ்டிக்கைச் சில நிறுவனங்கள் சேர்க்கின்றன, தேய்மானம் குறைவு. ஆனால் அதில் பசையும் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது. 9-ஆம் கேள்விக்கு இது உதவும்.

7. பெயிண்ட் நல்லாருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்க?

கண்ணைப் பாருங்கள். அனிமே ஃபிகரில் கண் கையால் வரைவதில்லை, அச்சுப் பதிப்பது. ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், வீரன் மாறுகண்ணனாகிவிடுவான். மாற்று முகங்கள் இருந்தால் ஒவ்வொன்றையும் பாருங்கள், ஒன்று நேராக இருந்து மற்றொன்று கோணலாக வருவது உண்டு.

அடுத்து, ஒரே தோல் நிறம் முகத்திலும் கழுத்திலும் கையிலும் ஒத்துப்போகிறதா? முகம் பிவிசி, முழங்கை ஏபிஎஸ் என்று மாறும்போது நிறமும் மாறிவிடும். டியூப்லைட்டில் சரியாகத் தெரிந்தது பகல் வெளிச்சத்தில் வேறாகத் தெரியும், வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மூட்டுக்குள் பெயிண்ட் அடித்திருந்தால் பத்துத் தடவை மடக்கியதும் உரியும். அந்த இடத்தில் பிளாஸ்டிக்கையே அந்த நிறத்தில் வார்த்திருப்பதுதான் தரம்.

8. பெட்டியத் திறந்ததும் ஒரு முட்டி அசையவே இல்ல. கொஞ்சம் பலமா திருப்பட்டுமா?

வேண்டவே வேண்டாம். புதிதாக வந்த ஃபிகர் உடைவது பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்தில்தான். உள்ளே பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் வைத்து, கொதிக்க விடாமல், அந்தப் பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்கி, மெதுவாக ஆட்டுங்கள். ஹேர் டிரையரும் சரிதான். கையில் வாளைச் செருகும்போதும் இதே வழி, விரல் இளகியபின் செருகினால் பெயிண்ட் உரியாது.

எண்ணெய் போட வேண்டுமென்றால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு சொட்டு. தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் வேண்டாம். இறுக்கத்தில் இருக்கும் ஏபிஎஸ்ஸில் சில எண்ணெய்கள் பட்டால் சில நாளில் விரிசல் விடும்.

9. லூசான மூட்டுக்கு வைத்தியம் உண்டா?

உருண்டை மூட்டு என்றால் உண்டு. கழற்ற முடிந்தால் கழற்றி, உருண்டையில் வெள்ளை ஃபெவிகாலை மெல்லிய பூச்சாகத் தடவி, நன்றாகக் காய்ந்தபிறகு மாட்டுங்கள். வேண்டாமென்றால் உரித்துவிடலாம். உருண்டை பிஓஎம் என்றால் பசை நிற்காது, 6-ஆம் கேள்வியைப் பாருங்கள். குழாய்க்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப் ஒரு சுற்றும் வேலை செய்யும், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஃபெவிக்விக்கை நேராக மூட்டுக்குள் விடாதீர்கள், பிறகு 1-ஆம் கேள்வியில் சொன்ன சிலைதான் மிஞ்சும். நெயில் பாலிஷ் நீக்கும் திரவத்தை அருகில்கூடக் கொண்டுபோக வேண்டாம், ஏபிஎஸ் கரைந்துவிடும்.

ஆணி போட்ட கீல் தளர்ந்தால் வீட்டில் செய்ய அதிகம் இல்லை. அந்த மூட்டுக்கு எடை வராத போஸில் வையுங்கள்.

10. தம்பி, என் பேரனுக்கு எட்டு வயசு. இத வாங்கிக் குடுக்கலாமா?

வேண்டாம்மா. இந்த வகைப் பெட்டிகளில் 15 வயதுக்கு மேல் என்றே போட்டிருக்கும். விரல் நுனி அளவு மாற்றுக் கைகள், கூரான முடி, மெல்லிய அச்சு. விளையாடுவதற்கான சாமான் இல்லை. பண்டாயே அனிமே ஹீரோஸ் என்று ஒரு வரிசை விடுகிறது, 16 செ.மீ. சுமார் உயரம், மூட்டு குறைவு, உடம்பு கெட்டி. அவனுக்கு அது சரி. இன்னும் சின்னப் பிள்ளைக்கு என்றால் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு ஈடு எதுவும் இல்லை, அது என் சொந்த அபிப்பிராயம்.

11. ஜப்பான்ல இருந்து வரவச்சா கஸ்டம்ஸ் எவ்ளோ போடுவான்?

பொம்மைக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. அதன்மேல் மற்ற வரிகள். பார்சல் கூலிக்கும் சேர்த்தே வரி கணக்கிடப்படும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதால், பார்சலைத் தடுத்து விளக்கம் கேட்பதும் நடக்கும். பில்லும் வயது குறிப்பிட்ட பெட்டிப் படமும் கையில் இருக்கட்டும்.

12. டூப்ளிகேட்ட எப்படிக் கண்டுபிடிக்க? ஸ்டிக்கர் ஒட்டிருக்கே?

ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். ஜப்பான் சந்தைக்கான டிராகன் பால், ஒன் பீஸ் பெட்டிகளில் டோயி அனிமேஷனின் பளபளக்கும் ஸ்டிக்கர் இருக்கும். பெட்டியையே நகலெடுப்பவனுக்கு ஸ்டிக்கர் ஒரு பொருட்டா? உரிமையாளர் பெயரோடு காப்புரிமை வாசகம் பெட்டியில் இருக்கிறதா, எழுத்து கலங்கலாக இருக்கிறதா, நிறுவனத்தின் பெயரே இல்லாமல் பெட்டி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பொருளிலேயே அடையாளம் அதிகம். அசலை அச்செடுத்து வார்த்ததால் முடி நுனி மழுங்கியிருக்கும், துண்டுகள் சேரும் கோடு துருத்தும். முகத்தை மாற்றினால் இடைவெளி விழும். இடது மூட்டு இறுகி, வலது மூட்டு தொளதொளக்கும். திறந்ததும் மண்ணெண்ணெய் சாயலில் நெடி அடிக்கும், தொட்டால் பிசுபிசுக்கும். கண்ணும் தோல் நிறமும் 7-ஆம் கேள்வியில் சொன்ன சோதனையில் தோற்கும்.

ஆனித் தேரோட்டத்தின்போது ரத வீதிக் கடைகளில் தொங்கும் நூறு ரூபாய்ப் பொம்மைகள் மீது எனக்குக் கோபமே இல்லை. அவை அசல் என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. நகலை அசல் விலையில் ஐநூறு குறைத்து, “கடைசி பீஸ்” என்று ஆன்லைனில் விற்பவர்தான் ஆபத்து.

13. நம்ம ஊரு வெயில்ல இது தாங்குமா?

வீட்டுக்குள் தாங்கும், எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் அலமாரியின் மேல்தட்டு அறையைவிடச் சூடாக இருக்கும். பிவிசி மெல்ல இளகி, ஒற்றைக் காலில் நின்றவன் சித்திரை முடிவதற்குள் சாய்ந்துவிடுவான். மேற்கு ஜன்னலோரம் வெள்ளை நிறம் மஞ்சளாகும். மூடிய காரில் வெயிலில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகவே கூடாது. கோடையில் இரண்டு காலிலும் எடை இருக்கும்படி, ஸ்டாண்டின் துணையோடு வைப்பது நல்லது.

பிசுபிசுப்பு இன்னொரு புகார். பிவிசியை இளக்கச் சேர்த்த பொருள் மேலே கசிவதுதான் அது, அசலிலும் வரும். காற்றுப் புகாத பெட்டியில் சூட்டோடு பூட்டி வைத்தால் சீக்கிரம் வரும். இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தினால் போகும்.

திருச்செந்தூர், உவரி பக்கம் இருப்பவர்கள் திருகாணிகளைக் கவனியுங்கள், உப்புக் காற்றில் துருவேறும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் வட்டாரத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. ஃபிகரைக் கழுவி எடுத்துவிடலாம், நனைந்த பெட்டிக்கு மருந்து இல்லை. பெட்டியோடு சேர்த்து மதிப்புப் பார்ப்பவர்கள் கீழ்த்தட்டில் பெட்டிகளை அடுக்காதீர்கள்.

14. பழைய பீஸ் ஒண்ணு ஒருத்தர் விக்காரு. நேர்ல போய்ப் பாக்கேன். அஞ்சு நிமிசத்துல என்னத்தப் பாக்க?

மணிக்கட்டிலிருந்து தொடங்குங்கள். கையைக் கழற்றி அச்சைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் முறியப் போகிறது. மாற்றுக் கைகளையும் முகங்களையும் பெட்டியின் பின்புறப் படத்தோடு எண்ணிச் சரிபாருங்கள். ஒரு கை காணாமல் போனால் தனியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிறகு ஃபிகரைச் சமதளத்தில் நிறுத்திக் கையை எடுங்கள். நின்றால் இடுப்பும் கணுக்காலும் சரி. தோளையும் முழங்காலையும் 3-ஆம் கேள்வியில் சொன்னபடி ஒரு தடவை மடக்குங்கள். மடக்குமுன் விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். “மடக்காதீங்க” என்றால் விலை பேச வேண்டாம், கும்பிட்டு வந்துவிடுங்கள்.

15. யூடியூப்ல ஆகா ஓகோன்னாவ, எனக்கு வந்தது தொளதொளன்னு இருக்கு. யாரை நம்ப?

இரண்டு வகைக் குறை இருக்கிறது. வடிவமைப்பிலேயே உள்ள குறை எல்லாப் பெட்டியிலும் இருக்கும்: முடி முட்டித் தலை நிமிராதது, தோள் உள்ளே வராதது. அதை யார் சொன்னாலும் நம்பலாம். கோணல் கண், தளர்ந்த இடுப்பு, பெயிண்ட் சிதறல் ஆகியவை ஒரு பெட்டிக்கும் இன்னொரு பெட்டிக்கும் மாறும். ஒருவருக்கு நன்றாக வந்ததால் உங்களுக்கும் வரும் என்று உறுதியில்லை. மறுபடி தயாரிக்கும்போது நிறமும் இறுக்கமும் மாறுவதும் உண்டு. விற்பனைப் படத்தில் இருப்பது பெரும்பாலும் கையால் பெயிண்ட் அடித்த மாதிரி. பெட்டியிலேயே ‘பொருள் சற்று மாறுபடலாம்’ என்று எழுதியிருப்பார்கள்.

ஆகவே விமர்சனத்தில் வடிவமைப்பைப் பற்றி எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு, வாங்கியவர்கள் போட்ட படங்களை நாலைந்து பேரிடமிருந்து பாருங்கள். திறக்கும்போது வெட்டாமல் வீடியோ எடுத்து வையுங்கள், மாற்றிக் கேட்க அது ஒன்றுதான் சாட்சி. விமர்சகர் பத்து நிமிடம் பேசியும் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் ஒரு படம்கூடக் காட்டவில்லை என்றால், அடுத்த வீடியோவுக்குப் போய்விடுங்கள்.